கடலில் நான் விட்ட உன் துணி

கண்ணு, இதை ஸ்கூல் இடைவேளையில் பிரிக்காதே. ஊரப்பாக்கம் ரூமுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு படி. எட்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் பிள்ளைகளின் நோட்டில் போடுகிற மாதிரி சிவப்பு வட்டம் போடாமல் படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். போனை எடுத்தால் நான் கோயில் கூழில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக் கோழி நம் செடியைக் கொத்தியது வரைக்கும் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். நான்கு மாதமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. நாலு பேர் முன்னால் ஒருவன் மேல் விழுந்த பழி, நாலு பேர் படித்தால்தான் போகும். அதனால் இதில் ஒரு நகல் எடுத்து நம் ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டச் சொல்லப் போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம். எனக்கும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலைக் கொண்டுவந்தாய். செங்கல்பட்டுச் சம்பந்தி வீட்டார் கேட்டதாகச் சொல்லி என்னைச் சரிபார்க்கச் சொன்னாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கறிக்கடைக்காரர் பெயர் இருந்தது. நீ மூன்றாவது படிக்கும்போது உன்னோடு சண்டை போட்டு மண்டையை உடைத்தவன் பெயர்கூட இருந்தது. சின்ன வயதிலிருந்து உன் கூடவே திரிந்த பீட்டர் பெயர் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்து, "பீட்டரு எங்கடா?" என்றேன். "அவன் பேர எடுக்காதம்மா, நல்ல காரியம் பேசிகினு இருக்கறப்ப" என்றாய். சொல்லிவிட்டு நீ சாப்பிட்டாய். நான் என் தட்டுச் சோற்றைக் கோழிக்குப் போட்டேன். மறுநாள் நீ ரயில் ஏறின பிறகு, நம் மாரியம்மன் எதிரில் போய் உட்கார்ந்தேன். நான் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தோன்றியது. எழுந்து வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

உன் துணியைப் பீட்டர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நீ இரண்டு வருஷமாகத் தைத்த அந்தப் பெரிய துணியை, புரட்டாசி அமாவாசையன்று மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தவள் நான். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இத்தனை வரி தள்ளித்தான் எழுத வந்தது.

இப்போது நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டிருப்பாய். பரவாயில்லை, எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து படி. நான் ஏன் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். சரி என்று காட்டுவதற்காக இல்லை. நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அப்பா காரியத்துக்கு நாம் மாமல்லபுரம் போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. திதி கொடுத்து, கடலில் முழுகி எழுந்ததும், கட்டியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வேறு துணி மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நீ உன் டிராயரை விட்டாய். நான் என் புடவையை விட்டேன். பீடையெல்லாம் அதோடு போய்விடும் என்று என் அத்தை சொன்னார்கள். நீ கரையில் நடுங்கிக்கொண்டே, "அது எங்கம்மா போவும்?" என்று கேட்டாய். "கடலம்மா வாங்கிப்பா" என்றேன். நீ விடவில்லை. "வாங்கி இன்னா பண்ணுவா?" என்றாய். நான் உன் தலையைத் துவட்டுகிற சாக்கில் வாயை மூடினேன். எனக்குத் தெரியாததைக் கேட்டாய் என்பதுதான் உண்மை. தெரியாது என்று பிள்ளையிடம் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. உனக்கும் பிள்ளைகள் பிறக்கும். அவர்கள் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு.

அந்தக் கேள்விக்குப் பதில் பத்து வருஷம் கழித்துப் பீட்டரிடம் இருந்து வந்தது. நம் பக்கத்துக் கடப்பாக்கம் குப்பத்தில் அவன் மாமன் படகில் கூலிக்குப் போக ஆரம்பித்த புதிதில், ஒருநாள் சாயங்காலம் நீயும் அவனும் ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வலையில் மீனோடு மாட்டிய துணிகள். அதில் ஒரு வேட்டி, இரண்டு புடவை, ஒரு குழந்தையின் கவுன். கவுனில் சின்னச் சின்னச் சிப்பி ஒட்டியிருந்தது. நான் வாசலிலேயே உன்னை அறைந்தேன். யார் வீட்டு எழவுத் துணியோ, யார் கழித்த பீடையோ, அதைக் கொண்டுவந்து என் வாசப்படியில் வைக்கிறாயே என்று கத்தினேன். உன்னைச் சட்டையோடு உட்கார வைத்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினேன். பீட்டர் நழுவப் பார்த்தான்.

"அத்த, நான் சர்ச்சுக்குப் போற ஆளு. எனக்கு மஞ்சத் தண்ணி வோணாம்."

"கடலுக்குப் போற ஆளுதான? வா இப்டி. உங்க ஏசு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

"கோச்சிக்க மாட்டாரு அத்த, எங்கம்மா கோச்சிக்கும். இது புதுச் சட்ட."

அவனுக்கும் ஒரு குடம் ஊற்றினேன். ஊரே என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அவன் கூப்பிடும்போது மட்டும் சொந்த அண்ணன் மகன் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் நீங்கள் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பால் சொசைட்டிக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பழைய ரூமை வாடகைக்குப் பிடித்தீர்கள். ஆறு வருஷம் அவன் கொண்டுவந்ததை நீ காயவைத்து வகை பிரித்துச் சேர்த்தாய், அப்புறம்தான் தைக்க ஆரம்பித்தாய். தைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கவும், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் எனக்கு உதவி வேண்டியிருந்ததே தவிர, நீ கலைஞன் ஆவாய் என்று கற்றுக்கொடுக்கவில்லை. தெருவில் கேலி செய்தார்கள். "இன்னா அத்த, ஆம்பளப் புள்ளய மிஷின்ல ஒக்காத்தி வச்சிகிற, நாளைக்கு ரவிக்க அளவும் அவனே எடுப்பானா?" என்று குழாயடியில் கேட்டவளுக்கு நான் ஒரு மாதம் ரவிக்கை தைத்துக் கொடுக்கவில்லை. இதைச் சொல்வது எதற்கென்றால், உன் வேலையை நான் எப்போதும் கேவலமாக நினைத்ததில்லை. பயந்தேன், அவ்வளவுதான். பயத்தை நான் பக்தி என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் நீ என்னைக் கூட்டிப்போய் அதைக் காட்டினாயே, அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். பீரோவைத் திறந்தால் அடுக்கு அடுக்காகப் புடவை தெரிகிற மாதிரி, சுவர் முழுக்க, மேலிருந்து தரை வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் தைத்திருந்தாய். "கடலோட பீரோ" என்று அதற்குப் பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாய். உப்புக் கோடுகளை அலசாமல் அப்படியே விட்டிருந்தாய். துருப்பிடித்த கொக்கிகள் ரவிக்கையிலேயே இருந்தன. பீட்டர் கொடுத்த நீல வலை நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தாய். பருத்தி வேட்டிகள் இற்றுப்போய்ச் சிலந்தி வலை மாதிரி இருந்தன. பாலியஸ்டர் புடவைகளோ நேற்றுக் கடையில் எடுத்த மாதிரி பூப்போட்டுக்கொண்டு இருந்தன. நான் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் விட்டதெல்லாம் பருத்தி. கடல் தின்று செரித்திருக்கும். சாஸ்திரம் மாறவில்லை, துணி மாறிவிட்டது, அதை யாரும் கடலிடம் சொல்லவில்லை. இது எனக்கு அங்கே நின்றபோதே தோன்றியது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். நான் "தூசி அதிகமா கீது, மூஞ்சில துணி கட்டிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு குறையும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை நானே தாழ்த்திக்கொண்டு உன்னை உயர்த்துகிற மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் ஓர் அட்டையில் "மூடநம்பிக்கை கடலைக் கொல்கிறது" என்று எழுதி வைத்திருந்தாய். மெட்ராஸில் இந்த மாதிரி வேலைகளை மாட்டி எல்லாருக்கும் காட்டுகிற ஹாலில் வைப்பதற்கு என்றாய். கண்ணு, அந்தத் துணி ஒவ்வொன்றையும் விட்டது அழுதுகொண்டிருந்த ஒரு ஆள். புருஷனைக் கொடுத்தவள், பிள்ளையைக் கொடுத்தவள். அவள் கடலைக் கொல்லப் போகவில்லை, தன்னிடம் இருந்த துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனாள். அவளை முட்டாள் என்று சொல்லிவிட்டால், அவள் உன் துணியைப் பார்க்கவே வரமாட்டாள். அவள் வராவிட்டால் அதை யாருக்காகத் தைத்தாய்? அட்டையில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். அதே அட்டையில் உன் பெயர் மட்டும் பெரிதாக இருந்ததையும் பார்த்தேன்.

பீட்டரும் பார்த்தான். அவன் கேட்டபோது நான் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், என் பேரையும் ஓரமா போடேன்டா."

"நீ இன்னா தச்ச?"

"தைக்கல. ஆனா துணி தானா நடந்து வந்துச்சா?"

நீ சிரித்தாய். அவனும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

ஆவணியில் மதுராந்தகம் பக்கத்தில் இருந்து பெண் வீட்டார் வந்தார்கள். உனக்கு முப்பது தாண்டிவிட்டதே என்ற கவலையில் நான் தேடிப்பிடித்த சம்பந்தம். பையன் என்னவோ பெரிய வேலை செய்திருக்கிறானாமே என்று கேட்டு, பெண்ணின் பெரியம்மா அந்த ரூமையும் பார்க்க வந்தாள். ஒரு புடவையின் முந்தானையைக் கையில் எடுத்து, "நல்லா கீதே, யார் வூட்டு பொடவ இது?" என்று கேட்டாள். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "யார்துன்னு தெரியாதுங்க, செத்தவங்களுக்குக் காரியம் செஞ்சிட்டுக் கடல்ல வுட்டது" என்றாய். அவள் கையை உதறினாள். வீட்டில் போட்டுவைத்திருந்த காபியை யாரும் தொடவில்லை. அது இரண்டாவது சம்பந்தம். முதலாவதும் அப்படித்தான் போயிற்று, உனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த ரூமுக்குள் போகாமல் வாசலை மட்டும் பெருக்கிவிட்டு வந்தேன். எங்கெங்கோ கழித்த பீடை எல்லாம் ஒன்றுகூடி, நீல நூலில் தைக்கப்பட்டு, என் பிள்ளை தலைமேல் தொங்குகிற மாதிரி இருந்தது. கடலுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் கடல் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பூசாரி சொல்லவில்லை, ஜோசியர் சொல்லவில்லை. நானே நினைத்து நானே முடிவு செய்தேன். வேறு யாரையாவது சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

நீ ஹால் பார்க்க மெட்ராஸ் போன அன்றைக்கு, பெருக்குவதற்காக நீ என்னிடம் கொடுத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு போனேன். முழுசாகத் தூக்க முடியவில்லை. தையலைப் பிரித்தேன். பிளேடை வைத்து, துணி கிழியாமல், ஒவ்வொரு முடிச்சாக அறுத்து, நூலை உருவி, நான்கு பாகமாக. ரவிக்கையைப் பிரித்து அளவு கூட்டித் தைக்கிறவளுக்கு அது கை வந்த வேலை. இரண்டு இடத்தில் உன் தையல் அவ்வளவு நேராக இருந்தது, பிரிக்க மனம் வராமல் பக்கத்துத் தையலைப் பிரித்தேன். சொன்னால் நம்பமாட்டாய், பிரித்துக்கொண்டே உன் தையலை மெச்சினேன். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

கடப்பாக்கத்துக் கரைக்குப் போகவில்லை, அங்கே என்னைத் தெரியும். அமாவாசையன்று விடியற்காலையில் நாலு மூட்டையோடு மாமல்லபுரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் தம்பி, "இன்னா அத்த, வூட்டையே காலி பண்ணிகினு போறியா?" என்றார். கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிற கூட்டம். மூட்டையோடு ஒரு பொம்பளை கடலுக்குள் இறங்கினால் அன்றைக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எல்லார் கையிலும் துணி. கற்பூரம் ஏற்றி, தாயே வாங்கிக்கோ, என் பிள்ளையை விட்டுடு என்று சொல்லி, நான்கு பாகத்தையும் அலையில் தள்ளினேன். முதல் பாகம் இரண்டு தரம் திரும்பி என் காலடிக்கே வந்தது. காலால் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதுவும் உண்மை.

நீ மறுநாள் வந்து ரூமைத் திறந்தாய். நேராகப் பீட்டரைத் தேடிக்கொண்டு போனாய். அவன் கடலில் இருந்து வந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். நான் பால் வாங்கத் தூக்குடன் நின்றேன்.

"எங்கடா துணி? இன்னா பண்ண?"

"இன்னா துணி? இப்பதான் மச்சான் கரையேறி வந்து நிக்கிறேன்."

"நடிக்காத. உன்னாண்டயும் எங்க வூட்லயும்தான் சாவி கீது. பேரு போடலன்னு காண்டுல கொளுத்திட்டியா?"

"கொளுத்தறதா இருந்தா உன் எதிர்லயே கொளுத்துவன்டா. பூட்டு தொறந்து திருட்டுத்தனமா இன்னாத்துக்கு?"

"உங்க ஆளுங்களுக்கு எங்க சாமி காரியம்னா இளக்காரம்டா. அதான்."

அந்த வார்த்தை உன் வாயில் இருந்து வந்ததும் கடையில் எல்லாரும் உங்கள் பக்கம் திரும்பினார்கள். டீ ஆற்றுகிறவர்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சின்ன வயதில் இருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகள் நீங்கள். பீட்டர் உன்னைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருந்தால் முடிந்திருக்கும். "பால் ஊத்துப்பா, நேரமாவுது" என்றேன். நான் செய்த பாவங்களில் கடலில் துணியைத் தள்ளினதை இரண்டாவதாக வைக்கிறேன். இது முதலாவது.

பிறகு உனக்குத் தெரியும். நீ ஹாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊரப்பாக்கம் ஸ்கூலில் டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒரு தையல்கூட நீ போடவில்லை. ஐப்பசியில் அந்த ஸ்கூலில் டீச்சராக இருக்கிற செங்கல்பட்டுப் பெண் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது, பார்த்தாயா, பீடை போனதும் சம்பந்தம் வந்துவிட்டது என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன். ஆனால் பூ வைக்கப் போன அன்றைக்கு அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்து, "அத்தை, நான் அந்தத் துணியோட போட்டோவைப் பார்த்துத்தான் இவர்கிட்ட பேசவே ஆரம்பிச்சேன். நேர்ல பார்க்கக் கொடுத்து வைக்கல" என்றது. என் முகம் தெரியாத மாதிரி அதன் பின்னால் போய் நின்று, கொண்டுபோன மல்லிகைப்பூவைத் தலையில் வைத்தேன்.

பட்டியலைப் பார்த்த மூன்றாம் நாள், கடப்பாக்கம் போனேன். மத்தியானம். பீட்டர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்து, வலையைத் தள்ளிவிட்டு, உட்கார இடம் காட்டினான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன்.

"பீட்டரு, அந்தத் துணிய எடுத்துப்போயி கடல்ல வுட்டது நான்தான்டா."

"தெரியும் அத்த. ஒக்காரு."

கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அவன் வீட்டுக்குள் போய் ஒரு மூட்டையை எடுத்துவந்து பிரித்தான். பாசி பிடித்து, கறுத்து, பாதி மடிப்பு பிய்ந்து, ஆனால் நீல நூல் அப்படியே. நான் காலால் தள்ளியதில் ஒரு பாகம். கார்த்திகை மாதம் அவர்கள் வலையில் சுற்றிக்கொண்டு வந்ததாம். வாடைக் காற்றில் தண்ணீர் தெற்கே ஓடுமாம். வலையில் இருந்து துணியை எடுக்க முடியாமல், துணியை அறுக்க மனம் வராமல், வலையை அறுத்திருக்கிறான். மாமன் அடிக்காத குறை. அவன் பின்னிக்கொண்டிருந்தது அந்த வலையைத்தான். மூன்று மாதமாகக் கடலுக்குப் போகாத நாளெல்லாம் உட்கார்ந்து பின்னுகிறான்.

"நான்தான்னு எப்பிட்ரா தெரிஞ்சுது?"

துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். "கடல் கிழிச்சிருந்தா பிசிறு பிசிறா இருக்கும் அத்த. இது தையல பிரிச்சது. ஒரு இழை போவல. நம்ம ஊர்ல இவ்ளோ சுத்தமா பிரிக்கிறவங்க வேற யாரு கீறாங்க?"

"ஏன்டா அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? என்ன வுட்டவன் உங்கள வுட்டுடுவான். எனக்குப் படகுல நாலு பேரு கீறாங்க. உங்களுக்குக் கீறது ஒரே புள்ள." வலையில் இரண்டு முடிச்சுப் போட்டான். "இப்பவும் சொல்லாத அத்த. கல்யாண நேரம்."

மற்ற எல்லாவற்றிலும் அவன் பேச்சைக் கேட்பேன். இதில் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது டீக்கடையில் இறங்கி, அங்கே இருந்தவர்களிடம் நின்றபடியே சொன்னேன். முதலில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அத்தைக்கு வெயில் ஏறிவிட்டது என்று ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் நம்பினார்கள். டீ ஆற்றுகிறவர் மட்டும், "அன்னிக்கே பால் வாங்கறப்ப சொல்லியிருக்கலாமே அத்த" என்றார். ஆமாம் என்றேன்.

என் பக்தியை நான் விடவில்லை. தை அமாவாசைக்கும் மாமல்லபுரம் போய் உன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். நனைந்த புடவையைப் பிழிந்து, பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயப்போட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "இன்னா, பொடவய எடுத்துகினு போறீங்க? பீட ஒட்டிக்காதா?" என்று கேட்டாள். "பாலியஸ்டரும்மா, கடலம்மாவுக்குச் செரிக்காது" என்றேன். அவள் தன் புடவையைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டுத்தான் போனாள். அவளுக்கு அன்றைக்கு என்ன போயிருக்கிறதோ.

உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. ஆனாலும் அம்மா என்கிற பாத்தியதையில் இரண்டு சொல்கிறேன். நீ திரும்பவும் தைக்க வேண்டும். அந்த ஒரு பாகத்தை வைத்துத் தொடங்குவாயோ, புதிதாகத் தொடங்குவாயோ, உன் இஷ்டம். தைத்தால், பார்க்க வருகிறவர்களைத் திட்டாமல் கூப்பிடு. துணி கொண்டுவந்தவன் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடு. பிறகு, கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் இதை நீயே படித்துக் காட்டு. மாமியாரைப் பற்றி வேறு ஆள் சொல்லித் தெரிவதைவிட இது நல்லது.

என்னை என்ன செய்வது என்று நீ யோசிக்க நேரம் எடுத்துக்கொள். கல்யாணத்தில் என்னை முன்னால் நிற்கச் சொன்னால் நிற்பேன். பந்தியில் பரிமாறச் சொன்னால் பரிமாறுவேன். வராதே என்றால் அன்றைக்குக் கோயிலில் இருப்பேன், கோபம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் பீட்டர் வீட்டுக்குப் போ. டீக்கடையில் சொன்ன அந்த வார்த்தை உன் வாயில் இருந்து வந்தது. அதை நான் போய்த் திருப்பி எடுக்க முடியாது, முயன்று பார்த்தேன், அவன் உன் பெயரைச் சொல்லும்போது இன்னும் குனிந்துகொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் கடலுக்குப் போவதில்லை. சர்ச்சு முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்பான். போகும்போது பழம், இனிப்பு, பத்திரிகை எதுவும் கொண்டுபோகாதே. கையில் பை இருந்தால் அதைக் கொடுத்து, வாங்கி, அதிலேயே பேச்சு போய்விடும். வெறுங்கையோடு போ.